பனியைப் பிழிந்து பார்க்கச் சொல்லும் ஏழாவது கேள்வி

புளோயர் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

நம் படிவத்திலிருந்து ஏழாவது கேள்வியை எடுத்துவிடலாமா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். வேலையை விட்டு ஓய்வு பெற்று, வெள்ளானூர் பிளாட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பவளிடம் அனுமதி கேட்கிறீர்களே என்று முதலில் சிரித்தேன். நீங்கள் சொல்லியிருந்த காரணத்தைப் படித்ததும் சிரிப்பு போய்விட்டது. "பனியைக் கையில் எடுத்து அழுத்தினால் தண்ணீர் சொட்டுகிறதா?" என்று கேட்பது சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறதாம். படிக்கிற டீலர்கள் நமக்குப் பனியே தெரியாது என்று நினைத்துவிடுவார்களாம்.

அந்தக் கேள்வியை அங்கே போட்டவள் நான்தான். ஏன் போட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். பிறகு எடுப்பதும் வைப்பதும் உங்கள் இஷ்டம்.

இந்த மேசை எப்படி ஓடியது என்று உங்களுக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில், கீழே லேத் பட்டறை இரைந்துகொண்டிருக்கும் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில்தான் தொடங்கினோம். வேலை இப்போது உள்ளதுதான். உலகத்தின் அந்தப் பக்கத்தில், பனி கொட்டும் ஊர்களில், சின்ன டிராக்டர் வைத்திருப்பவர்கள் அதன் முன்னால் ஒரு புளோயரை மாட்டிக்கொள்வார்கள். அது வழியில் கிடக்கும் பனியை வாரி, ஒரு குழாய் வழியாகத் தூரத்தில் எறியும். எந்த டிராக்டருக்கு எந்தப் புளோயர் என்று அங்கே உள்ள டீலர் மாலையில் படிவம் நிரப்பி அனுப்புவார். அவர்கள் தூங்கும் நேரம் நமக்குப் பகல். அவர்கள் காலையில் கடை திறக்கும்போது நம் பதில் மேசையில் இருக்க வேண்டும்.

நான் சேர்ந்தபோது ஆறு பேர் இருந்தோம். ஆறு பேரில் ஒருவர்கூடப் பனியைப் பார்த்ததில்லை. ஊட்டிக்குப் போய் உறைபனியைப் பார்த்ததாக ஒருவர் சொல்லிக்கொள்வார், அதையும் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தார். எனக்குத் தெரிந்த பனி, பழைய ஃபிரிட்ஜின் மேல்தட்டில் படிந்து நான் கரண்டியால் சுரண்டி எடுப்பது மட்டும்தான். அப்பா ஆவடியில் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்ததால் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். மெக்கானிக்கல் டிப்ளமோ. கியர்பாக்ஸ் சோதிக்கும் வேலையில் பல வருடம் இருந்துவிட்டு இந்த மேசைக்கு வந்தேன்.

எங்கள் மேலாளர் அதே எஸ்டேட்டில் லேத் பிடித்து மேலே வந்தவர். பிறந்து வளர்ந்ததெல்லாம் அம்பத்தூர். ஓடும் கியரின் சத்தத்தைக் கேட்டே எந்தப் பல் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். எனக்கு அவர்மேல் பயமும் மரியாதையும் சரிபாதி இருந்தன. முதல் வாரத்திலேயே இரண்டு விஷயங்களைச் சொல்லிக் கொடுத்தார். ஒன்று, இன்ஜினின் குதிரைத்திறனைப் பார்த்து ஏமாறக் கூடாது, புளோயரைச் சுற்றும் தண்டுக்கு எவ்வளவு வந்து சேருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அது இன்றைக்கும் சரி. மற்றொன்று இது:

"ஃபாரத்துல ஏதனா கட்டம் காலியா கீதுன்னா, வழக்கமா இன்னா போடுவோமோ அத்தப் போட்டுக்கோமா. திருப்பிக் கேள்வி கேட்டேன்னு வெச்சுக்கோ, இவங்களுக்கு ஒண்ணியும் தெரிலன்னு வேற எடம் பாத்துகினு போய்டுவான். நாம பனி பாத்ததில்லன்னு அவனுக்கு எப்பவும் தெரியக் கூடாது."

நாங்கள் ஆறு பேரும் அதை அப்படியே கடைப்பிடித்தோம். படிவத்தில் 'பனியின் தன்மை' என்று ஒரு கட்டம் இருந்தது. டீலர்கள் அதைப் பெரும்பாலும் காலியாக விடுவார்கள், அவர்களுக்கு அது ஊரறிந்த சங்கதி. நாங்கள் அதில் 'சாதாரணம்' என்று போட்டுக்கொள்வோம். சாதாரணம் என்றால் என்ன என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதுகூட இல்லை.

இந்தப் பழக்கத்தால் முதலில் ஒரு சின்ன அடி விழுந்தது. முன்னால் மாட்டும் புளோயருக்கு டிராக்டரின் வயிற்றுக்கு அடியில் சுழலும் தண்டு ஒன்று வேண்டும், அங்கிருந்துதான் முன்னால் சக்தி போகும். ஒரு படிவத்தில் அந்தத் தண்டு உண்டா இல்லையா என்ற கட்டம் காலியாக இருந்தது. அந்த மாடலில் வழக்கமாக உண்டு என்று நானே 'உண்டு' போட்டேன். அந்த மனிதர் மலிவுப் பதிப்பாக, தண்டு இல்லாத டிராக்டரை வாங்கியிருந்தார். புளோயர் போய் இறங்கி, மாட்ட வழியில்லாமல் குளிர்காலம் முழுக்க அவர் கொட்டகையில் ஜம்மென்று நின்றது. அவர் மண்வெட்டியோடு பனி அள்ளினார். அதிலிருந்து டிராக்டரின் அடிவயிற்றைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தேன். படம் கேட்பதற்கு மேலாளரும் ஒன்றும் சொல்லவில்லை. பாடம் படித்துவிட்டேன் என்று நினைத்தேன். பாதிதான் படித்திருந்தேன்.

இப்போது ஏழாவது கேள்விக்கு வருகிறேன்.

ஒரு ஐப்பசி மழைக்காலத்தில் ஒரு படிவம் வந்தது. அனுப்பிய டீலர் எங்களோடு ஆறு வருடமாக இருப்பவர், சுருக்கமாக எழுதுவார். அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாகக் கீழே நீளமான குறிப்பு எழுதியிருந்தார். வாடிக்கையாளருக்கு எழுபதை ஒட்டிய வயது. வீட்டிலிருந்து ஊர்ச்சாலைக்கு நானூறு மீட்டர் சொந்தப் பாதை. மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வேண்டும். அதுவரை டிராக்டரின் பின்னால் மாட்டும் புளோயரை வைத்துச் சமாளித்திருக்கிறார். பின்னால் மாட்டினால் பாதை முழுக்க ரிவர்ஸில், கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். அந்தக் கோடையில் அவருக்குக் கழுத்தில் அறுவை சிகிச்சை செய்து எலும்பை இறுக்கிவிட்டார்கள், இனித் திரும்பாது. ஆகையால் முன்னால் மாட்டுவதுதான் வேண்டும், சீக்கிரம் வேண்டும், பத்துப் பன்னிரண்டு நாளில் பனி விழுந்துவிடும். வீடு ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கிறது என்றும் போகிறபோக்கில் ஒரு வரி. பனியின் தன்மை: காலி.

அவருடைய டிராக்டருக்கு இரண்டு புளோயர் பொருந்தும். ஐந்தேகால் அடி அகலத்தில் ஒன்று, நாலேகால் அடியில் ஒன்று. அகலமானது அவர் ஊருக்குப் பக்கத்துக் கிடங்கிலேயே இருந்தது, இரண்டு நாளில் லாரி ஏறிவிடும். சின்னது தொழிற்சாலையிலிருந்து வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அகலமானது என்றால் பாதையில் போய்வரும் தடவைகள் குறையும், சீக்கிரம் முடியும், கழுத்து வலிக்காரருக்கு நல்லது, அதுவும் உடனே கிடைக்கிறது. காலிக் கட்டத்தில் 'சாதாரணம்' போட்டேன், மேலாளர் கையெழுத்துப் போட்டார், பதில் போனது. ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு அன்று வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில், சேக்காட்டில் என் ஸ்கூட்டர் மாட்டிக்கொண்டது. முந்தின நாள் மழையில் தெரு முழுக்கச் சேறு அடைத்துக் கிடந்தது. முன்னால் தள்ளுபலகை மாட்டிய சின்ன டிராக்டர் ஒன்று அதைத் தள்ளிக்கொண்டிருந்தது. இந்த மேசையில் இருப்பவள் டிராக்டரைக் கண்டால் நிற்காமல் போவேனா? ஓரமாக நின்று பார்த்தேன். மதில் பக்கம் மேடாகக் கிடந்த காய்ந்த மண்ணை அது முழு அகலத்துக்கும் சுகமாகத் தள்ளியது. பள்ளத்தில் கிடந்த சேற்றுக்கு வந்ததும் இன்ஜின் சத்தம் இறங்கி, இருமி, நின்றுவிட்டது. ஓட்டுநர் மறுபடி கிளப்பினார், மறுபடி நின்றது. முப்பது வயது இருக்கும் அவருக்கு, மகா எரிச்சலில் இருந்தார்.

"இன்னாக்கா, பாத்துகினே நிக்கிற? சுத்திகினு போ, இது இப்போதிக்கு ஆவாது."

"அந்தப் பக்கம் நல்லாத்தானேப்பா தள்ளிச்சு?"

"அது காஞ்ச மண்ணுக்கா. இது தண்ணி குடிச்ச சேறு. நேத்து சின்ன பலகை மாட்டிகினு வந்தேன், ஜோரா போச்சு. இன்னிக்கு பெருசு மாட்டி அனுப்ச்சிட்டாங்க, சீக்கிரம் முடியுமாம். எங்க முடியுது? பலகை பெருசாச்சு, இன்ஜின் அதே இன்ஜின்தானே? நீயே பாரு."

இறங்கி ஒரு கை சேற்றை அள்ளி என் முன்னால் நீட்டிப் பிழிந்தார். விரல் இடுக்கெல்லாம் தண்ணீர் ஒழுகியது. பிறகு மதில் பக்கத்து மண்ணை ஒரு கை அள்ளிப் பிழிந்தார். ஒரு சொட்டு வரவில்லை, பொலபொலவென்று உதிர்ந்தது.

"ரெண்டும் ஒண்ணா சொல்லு" என்றார்.

 ஏரியின் கிழக்குக் கரை என்ற அந்த ஒரு வரி ஞாபகத்துக்கு வந்தது. நான் மனதில் வைத்திருந்த பனி எல்லாம் ஃபிரிட்ஜில் சுரண்டிய தூள், பஞ்சு மாதிரி பறப்பது. அது தண்ணீர் குடித்து வரலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தண்ணீர்தான் பனியாகிறது என்று ஐந்தாம் வகுப்பிலேயே படித்தவள் நான்!

அலுவலகத்துக்குப் போய்ப் பையைக்கூட இறக்கவில்லை, கம்பெனி அட்டவணையை எடுத்தேன். அதில் இரண்டு பத்திகள் உண்டு, லேசான பனிக்கு ஒன்று, கனத்த பனிக்கு ஒன்று. வருடக்கணக்காக நாங்கள் முதல் பத்தியை மட்டுமே பார்த்துவந்தோம். அந்த மனிதரின் டிராக்டரில் இன்ஜின் இருபத்து நான்கு குதிரைத்திறன், தண்டுக்கு வருவது பதினெட்டு. கனத்த பனிப் பத்தியில் பதினெட்டுக்கு நேரே ஐந்தேகால் அடி இல்லவே இல்லை. நாலேகால் அடிதான் இருந்தது.

அகலமானதை மாட்டிப் பாதி அகலம் பிடித்து ஓட்டலாமே என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். நானும் ஒரு நிமிடம் அப்படிச் சமாதானம் தேடினேன். முதல் போக்கில் பாதி என்பது கிடையாது. வீட்டு வாசலிலிருந்து கிளம்பும்போது முன்னால் எல்லாமே பனி, முழு வாயும் கவ்வியே தீர வேண்டும். கவ்வினால் இன்ஜின் நிற்கும், குழாய் அடைத்துக்கொள்ளும். கழுத்துத் திரும்பாத ஒரு பெரியவர் இறங்கி, குனிந்து, அடைப்பை எடுக்க வேண்டும். மனைவி அவருக்காகக் காரில் காத்துக்கொண்டிருப்பார்.

மேலாளரிடம் அட்டவணையைக் கொண்டுபோய் வைத்து, சேக்காட்டில் பார்த்ததையும் சொன்னேன். 

"ஏரிக்கரைன்னா ஈரப் பனின்னு உனக்கு யாருமா சொன்னா?"

"யாரும் சொல்லலை சார். அதனாலதான் கேக்கணும்னு சொல்றேன். லாரி நாளைக்குக் காலையில ஏறுது."

"கேட்டா இன்னா ஆவும் தெரியுமா? ஆறு வருசமா வாய மூடிகினு காப்பாத்துன பேரு. ஒருவேள காஞ்ச பனியா இருந்துச்சுன்னு வெச்சுக்கோ, பொட்டப்புள்ள சேத்தப் பாத்து பயந்துகினா, லாரிய நிறுத்திட்டான்னு சிரிப்பாங்க. இருக்குற புளோயரும் போயி, சின்னது வர்றதுக்குள்ள பனி உழுந்து, அந்தம்மாவுக்கு ஏதனா ஆச்சுன்னா?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் என்னைப் போட்டு வாட்டியது. அகலமானது போனால் சரியாக ஓடாமல் போகலாம். நிறுத்தினால் இரண்டு வாரம் எதுவுமே இல்லை. எது மோசம் என்று இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து என்னால் சொல்ல முடியவில்லை. அதைச் சொல்லக்கூடியவர்கள் அந்தப் பக்கம் இருந்தார்கள், நாங்கள் அவர்களைக் கேட்காமல் இருப்பதையே ஒரு கெட்டிக்காரத்தனமாக வைத்திருந்தோம். இதை அவரிடம் இவ்வளவு கோர்வையாகச் சொல்லவில்லை. "எனக்குத் தெரியலை சார், நான் கேக்கப் போறேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கீழே பட்டறைக்குப் போய்விட்டார்.

அங்கே கடை திறக்கும் நேரம் நமக்கு மாலை ஆறரை. எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். ஆறு வருடமாக எழுத்திலேயே பழகிய டீலரை முதன்முறையாகத் தொலைபேசியில் அழைத்தேன். ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"உங்கள் ஏரிக்கரைக்காரருக்கு நான் தேர்ந்தெடுத்தது தவறாக இருக்கலாம். லாரியை நிறுத்தி வையுங்கள். அங்கே விழும் பனி எப்படி இருக்கும் என்று சொல்ல முடியுமா?"

"எப்படி என்றால்? பனி மாதிரிதான்."

"நான் பனியைப் பார்த்ததே இல்லை."

 

"அப்படியானால் ஆறு வருடமாக நான் யாரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்?" என்றார்.

 அவமானத்தில் காது சூடேறியது. கேட்கவேண்டியதைக் கேட்டுவிடுவோம் என்று, "கையில் எடுத்து அழுத்தினால் தண்ணீர் சொட்டுமா?" என்றேன்.

 அவர் குரல் மாறிவிட்டது. "சொட்டும். அந்தக் கரையில் சொட்டும். ஏரியிலிருந்து ஈரத்தை வாரிக்கொண்டு வந்து கொட்டுகிற பனி அது. போதாக்குறைக்கு ஊர்ச்சாலையைச் சுத்தம் செய்கிற வண்டி, தள்ளுகிற பனியை எல்லாம் அவர் பாதையின் வாயில் குவித்துவிட்டுப் போகும். அது இன்னும் கனம். நீ எதை அனுப்பியிருந்தாய், ஐந்தேகாலா? நான் அகலத்தைப் பார்க்கவே இல்லை. நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்று விட்டுவிட்டேன்."

அப்போதுதான் பின்னால் மேலாளர் நிற்பதைக் கவனித்தேன். எப்போது மேலே வந்தார் என்று தெரியாது. ஃபோனை வாங்கினார். "தேர்வு அந்தப் பெண்ணுடையது, சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். கம்பெனிக்குப் புகார் எழுதினால் என் பெயரை எழுதுங்கள்" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வேற எடத்துக்குப் போறதுன்னா போவட்டும்மா. நீ ஊட்டுக்குக் கெளம்பு."

டீலர் வேறு எங்கும் போகவில்லை. புகாரும் எழுதவில்லை. அகலமான புளோயரை நிறுத்திவிட்டு, சின்னது வரும்வரை டயாலிசிஸ் நாட்களில் தானே தன் வண்டியைக் கொண்டுபோய் அந்தப் பாதையைச் சுத்தம் செய்து கொடுப்பதாகச் சொன்னார், செய்தார். இங்கே கதையை முடித்தால் அழகாக இருக்கும். நடந்தது அப்படியல்ல. இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் சாலையே மூடும் அளவுக்குக் கொட்டியது, டீலரால் அங்கே போய்ச் சேர முடியவில்லை. அந்த அம்மாவுக்கு அன்றைய டயாலிசிஸ் தவறிப்போனது. மறுநாள் மூச்சுத் திணறி, மீட்பு வண்டி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அந்தச் செய்தி வந்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அகலமானதே இருந்திருந்தால் எப்படியாவது தட்டுத் தடுமாறி வெளியே வந்திருப்பார்களோ? டீலர், அன்றைய பனியில் அது வாசலைக்கூடத் தாண்டியிருக்காது என்று எழுதினார். நிஜமாகவே அப்படித்தானா, எனக்காகச் சொன்னாரா, தெரியாது. நான்கு நாள் கழித்து அந்த அம்மா வீடு திரும்பினார். அதற்கடுத்த நாள் சின்னப் புளோயர் வந்து சேர்ந்தது. ஆறு வருடமாக இந்தக் கேள்வியைக் கேட்டுவந்திருந்தால், அந்தக் கரைக்கு ஏற்ற சின்னது பக்கத்துக் கிடங்கிலேயே இருந்திருக்கும், அந்த மோசமான நாளுக்கு முன்பே போயிருக்கும். இதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

பொங்கலுக்கு முந்தின வாரம் டீலரிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. டிராக்டரில் அந்தப் பெரியவர், கழுத்தை அசைக்காமல் நேராகப் பார்த்தபடி ஓட்டுகிறார். புளோயர் நிற்காமல் கவ்வி எறிகிறது. பாதையின் வாயில் இருந்த மேட்டையும் தின்றுவிட்டு ஊர்ச்சாலையைத் தொடுகிறது. பிறகு அவர் இறங்கி வந்து, ஒரு கைப்பிடிப் பனியை அள்ளி கேமராவுக்கு முன் நீட்டினார். காரின் ஜன்னல் வழியாக ஒரு பெண்குரல், "கையுறையைக் கழற்றிவிட்டுக் காட்டுங்கள், அவளுக்குத் தெரிய வேண்டாமா?" என்றது. அவர் கையுறையைக் கழற்றிவிட்டுப் பிழிந்தார். விரல் இடுக்குகளில் தண்ணீர் ஒழுகியது. கை சிவந்துபோனது. "இதுவரை பனியைப் பார்த்திராத பெண்ணுக்கு" என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறினார். சுத்தமான பாதையில் கார் போய்ச் சாலையில் திரும்பியது. அன்று டயாலிசிஸ் நாள்.

மேலாளர் என் தோளுக்குப் பின்னால் நின்று, அதை மூன்று முறை போடச் சொன்னார்.

"நெசமாவே சொட்டுதும்மா" என்றார். பிறகு தன் மேசைக்குப் போய்ப் படிவத்தின் மூலப்பிரதியை எடுத்துவந்து என் முன்னால் வைத்து, 'பனியின் தன்மை' என்ற கட்டத்தைத் தானே பேனாவால் அடித்தார். "இங்க உன் கேள்வியப் போடு. காலியா வந்துச்சுன்னா திருப்பி அனுப்பு" என்றார்.

இவ்வளவுதான் ஏழாவது கேள்வியின் பூர்வோத்தரம். அதற்குப் பிறகு அந்தக் கட்டம் காலியாக வந்த படிவங்களை எல்லாம் திருப்பி அனுப்பினோம். சிலர் சலித்துக்கொண்டார்கள். சிலர் விளையாட்டாகப் பிழிந்த கையைப் படம் எடுத்து அனுப்பினார்கள்.

அட்டவணையும் கணக்கும் இப்போது உங்கள் கம்ப்யூட்டர் செய்துகொடுக்கிறது, என்னைவிட வேகமாகச் செய்கிறது. கேள்வியின் வாசகம் பிடிக்கவில்லை என்றால் நாகரிகமாக மாற்றி எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை. அது இருந்தால் நாம் பனியைப் பார்க்காதவர்கள் என்று டீலருக்குத் தெரிந்துவிடும் என்பதற்காக மட்டும் அதை எடுக்காதீர்கள்.

தெரியட்டும்.